போர்ஷே 911 ஏர்-கூல்டு என்ஜினில் சிசி கூட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய 911 வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றைத் தொகுத்து, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்வியைப் போட்டு, பதில் எழுதியிருக்கிறோம். 1964-இல் வந்த 2.0 லிட்டரிலிருந்து 1989-இல் முடிந்த 3.2 காரேரா வரையிலான டர்போ இல்லாத ஆறு சிலிண்டர் என்ஜின்களைப் பற்றித்தான் பேச்சு. எஸ்சி மாடலுக்கு (1978–83) கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம், ஏனென்றால் பாதிக் கேள்விகள் அதைப் பற்றித்தான் வருகின்றன.

சிசி கூட்டுறதுன்னா என்ஜின்ல சரியா எதை மாத்துறாங்க?

இரண்டே வழிதான். சிலிண்டரின் உள்விட்டத்தை, அதாவது போரைப் பெரிதாக்கலாம். இல்லையென்றால் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தை, அதாவது ஸ்ட்ரோக்கைக் கூட்டலாம். போரைக் கூட்ட சிலிண்டரும் பிஸ்டனும் மாறும். ஸ்ட்ரோக்கைக் கூட்ட கிராங்க் ஷாஃப்ட் மாறும், அதோடு கனெக்டிங் ராடும் மாறும்.

கணக்கு எளிது. போரில் பாதியை அதே எண்ணால் பெருக்கி, 3.1416-ஆலும் ஸ்ட்ரோக்காலும் சிலிண்டர் எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். மிமீ-இல் கணக்கிட்டால் 1000-ஆல் வகுத்தால் சிசி. எஸ்சி-யின் போர் 95 மிமீ, ஸ்ட்ரோக் 70.4 மிமீ, சிலிண்டர் ஆறு: 2994 சிசி. போர் தன்னாலேயே பெருக்கப்படுவதால் அதில் 3 மிமீ கூட்டினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

கம்பெனிக்காரங்களே வருஷா வருஷம் கூட்டிக்கிட்டே போனாங்களே, அது எப்படி?

ஹான்ஸ் மெட்ஸ்கர் குழுவின் வடிவமைப்பு தொடக்கத்திலேயே வளர இடம் விட்டிருந்தது. முதல் 911 80 x 66 மிமீ, 1991 சிசி. 1970 மாடலுக்குப் போரை 84 ஆக்கினார்கள், 2195 சிசி. 1972-க்கு ஸ்ட்ரோக்கை 70.4 ஆக்கினார்கள், 2341 சிசி. விற்பனையில் அதற்கு 2.4 என்று பெயர். 1973 காரேரா ஆர்எஸ்-இல் போர் 90, 2687 சிசி, 210 குதிரைத்திறன். பிறகு 95 மிமீ போரில் 3.0 லிட்டர், 1984-இல் ஸ்ட்ரோக் 74.4 ஆகி 3164 சிசி. அடுத்து வந்த 964 மாடலில் 100 x 76.4, 3600 சிசி.

இவ்வளவு மாறியும் ஒரு சிலிண்டரின் மையத்திலிருந்து அடுத்த சிலிண்டரின் மையத்துக்கு உள்ள தூரம் மாறவே இல்லை. 118 மிமீ-இலேயே நின்றது. போரை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த 118-க்குள்தான் சிலிண்டர் சுவர், காற்று போகும் இடைவெளி, ஹெட் ஸ்டட் (ஹெட்டையும் சிலிண்டரையும் அழுத்திப் பிடிக்கும் நீள போல்ட்) எல்லாம் அடங்கியாக வேண்டும். கீழே வரும் பல கட்டுப்பாடுகளுக்கு மூலக்காரணம் இதுதான்.

இருக்கிற சிலிண்டரையே லேத்ல குடுத்து போர் பண்ணிட்டா என்ன? பைக்குக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் போடுற மாதிரி?

முடியாது. பைக் சிலிண்டருக்குள் இருப்பது வார்ப்பிரும்பு லைனர், அதைக் கடைந்தாலும் அடியில் அதே இரும்புதான். 2.7 ஆர்எஸ்-இலிருந்து பெரும்பாலான 911 சிலிண்டர்கள் முழு அலுமினியம். உட்சுவரில் நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு, நிக்கசில் என்பார்கள். 917 பந்தயக் காரிலிருந்து வந்த தொழில்நுட்பம் அது. பூச்சு மிக மெல்லியது. கடைந்தால் அது போய்விடும், அடியில் இருக்கும் அலுமினியத்தில் ரிங் ஓட முடியாது. சில 2.7, எஸ்சி என்ஜின்களில் அலுசில் சிலிண்டர் இருக்கும். அதற்குப் பூச்சு கிடையாது, ஆனால் சிறப்பு முறையில் பதப்படுத்திய பரப்பு. அதையும் சாதாரண லேத் வேலையில் பெரிதாக்க முடியாது.

அதனால் சிசி கூட்ட வேண்டுமென்றால் சிலிண்டரும் பிஸ்டனும் ஜோடியாகப் புதிதாக வாங்க வேண்டும். மாலே கம்பெனியின் செட்டும் வாங்கலாம், மற்ற தயாரிப்பாளர்களின் நிக்கசில் சிலிண்டரோடு ஃபோர்ஜ்டு பிஸ்டனும் வாங்கலாம்.

என்னோடது 1982 எஸ்சி. எதுல ஆரம்பிக்கிறது?

98 மிமீ செட். ஏர்-கூல்டு 911-இல் சிசி கூட்டுவதில் இதுதான் மிகவும் நிம்மதியான வேலை. எஸ்சி கிராங்க்கேஸில் (கிராங்கைச் சுமக்கும் அடிக்கூடு, சுருக்கமாகக் கேஸ்) சிலிண்டரின் கால் உட்காரும் துளை 103 மிமீ. 98 மிமீ சிலிண்டரின் கால் அந்தத் துளைக்கே பொருந்துமாறு செய்யப்பட்டிருக்கிறது. கேஸைக் கடைய வேண்டியதில்லை. 98 x 70.4 கணக்கில் 3186 சிசி வரும்.

கிராங்க்கேஸைப் பிளக்காமலேயே இதைச் செய்ய முடியும். என்ஜினை இறக்கி, கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஹவுசிங், ஹெட், சிலிண்டர் வரை மட்டும் கழற்றினால் போதும். கீழ்ப்பாகம் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விடுங்கள். எஸ்சி-யின் அலுமினியக் கேஸும் கிராங்கும் மிக உறுதியானவை. நல்ல எண்ணெய் அழுத்தம் காட்டும் கீழ்ப்பாகத்தைத் தேவையில்லாமல் பிரிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

98 போட்டா எவ்வளவு பவர் கூடும்?

சிசி கூடுவது 6.4 சதவீதம். அதனால் மட்டும் டார்க்கும், அதாவது முறுக்குவிசையும், ஏறக்குறைய அவ்வளவுதான் கூடும். ஓட்டும்போது அது பெரிதாகத் தெரியாது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

98 செட்டோடு கம்ப்ரஷனைச் சரியான அளவுக்கு ஏற்றி, கேமை மாற்றி, அடைப்புள்ள எக்ஸாஸ்டுக்குப் பதில் பழைய பாணி ஹீட் எக்ஸ்சேஞ்சர் போட்டால் அமெரிக்க எஸ்சி-யின் 180 குதிரைத்திறன் 215-ஐத் தாண்டும். அந்தக் கூட்டுத் தொகைதான் ஓட்டும்போது தெரியும். கேமையும் எக்ஸாஸ்டையும் தொடாமல் சிலிண்டருக்கு மட்டும் பணம் போடப்போகிறீர்கள் என்றால் போடாதீர்கள். 2.4-ஐ 2.7 ஆக்கும்போது கதை வேறு. அங்கே சிசி மட்டுமே 14.8 சதவீதம் கூடும், அது நன்றாகவே தெரியும்.

அப்போ 98-லயே ஏன் நிக்கணும்? 100 போட்டா இன்னும் கூடுமே?

துளை 103 மிமீ என்றோம். 98 மிமீ போர் என்றால் துளைக்குள் இறங்கும் காலில் சுவர் கனம் 2.5 மிமீ. 95-க்கு 4 மிமீ இருந்தது. 100 என்றால் 1.5 மிமீதான் மிஞ்சும். அந்தக் கனத்தில் சிலிண்டர் கால் வட்டமாக நிற்காது. ரிங் பதியாது, எண்ணெய் குடிக்கும்.

100 மிமீ வேண்டுமென்றால் கேஸை முழுக்கப் பிரித்து, துளைகளைப் பெரிதாக்கி, ஹெட்டையும் அதற்கேற்பக் கடைய வேண்டும். பந்தய வண்டிக்குச் செய்கிறார்கள். சாலையில் ஓட்டும் வண்டிக்கு அந்தச் செலவில் முழு 3.6 என்ஜினையே தேடலாம்.

என் 1972 வண்டியில 2.4 இருக்கு. அதை 2.7 ஆக்கலாமா?

ஆக்கலாம், ஆனால் கேஸைப் பிரித்துத்தான் செய்ய முடியும். 2.0 முதல் 2.4 வரை கேஸ் துளை 92 மிமீ. 90 மிமீ சிலிண்டருக்கு 97 மிமீ வேண்டும். அதனால் ஆறு துளைகளையும் கடைய வேண்டும். ஹெட்டில் சிலிண்டர் வந்து உட்காரும் வட்டத்தையும் அகலப்படுத்த வேண்டும். கிராங்கும் ராடும் மாற வேண்டியதில்லை. 2.4-க்கும் 2.7-க்கும் ஒரே 70.4 ஸ்ட்ரோக்தான்.

கேஸ் மெக்னீசியம் என்பதை மறக்க வேண்டாம். கடைவதற்கு முன் மெயின் பேரிங் வரிசை நேராக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். இல்லையென்றால் லைன் போர் செய்ய, அதாவது அந்த வரிசையை ஒரே நேராகக் கடைய வேண்டும். 24 ஹெட் ஸ்டட் துளைகளிலும் எஃகு இன்சர்ட் போட வேண்டும், அடுத்த பதிலில் காரணம் இருக்கிறது. எண்ணெய் பைபாஸ் மாற்றத்தையும் அப்போதே செய்துவிடுங்கள். பழைய கேஸில் அதிகப்படி எண்ணெய் சம்ப்பில் கொட்டும். மாற்றிய பிறகு பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்பிவிடும். பிஸ்டன் அடியில் எண்ணெய் தெளிக்கும் சிறு குழாய்கள் உங்கள் கேஸில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். தொடக்க கால 2.0 கேஸ்களில் அவை கிடையாது, தனியாகப் பொருத்த வேண்டும்.

2.7 என்ஜின்னாலே எல்லாரும் பயமுறுத்துறாங்களே, ஏன்?

ஹெட் ஸ்டட் பிடுங்கிக்கொண்டு வரும் என்பதால். அலுமினிய சிலிண்டர் சூட்டில் நீளும். அதைப் பிடித்திருக்கும் எஃகு ஸ்டட் அந்த அளவுக்கு நீளாது. ஒவ்வொரு முறை சூடாகும்போதும் ஸ்டட் தன் அடிமரையை மேல்நோக்கி இழுக்கும். அடிமரை மெக்னீசியத்தில் வெட்டப்பட்டது, மெக்னீசியம் மென்மையானது. நாளடைவில் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஹெட் தளர்ந்து எரிந்த வாயு கசியும், 'புசுக் புசுக்' என்று சத்தம் கேட்கும்.

1975–77 காலத்து அமெரிக்க வண்டிகள் பலவற்றில் இது மோசமானதற்குக் காரணம் உண்டு. புகைச் சட்டத்துக்காக எக்ஸாஸ்டில் தெர்மல் ரியாக்டர் (எரியாமல் மிஞ்சியதை எரிக்கும் அறை) வைத்தார்கள். அது ஹெட்டுக்கு அடியிலேயே கனன்றுகொண்டிருந்தது. போதாக்குறைக்கு 1976–77-இல் 11 இதழ் கூலிங் விசிறிக்குப் பதில் 5 இதழ் விசிறி. ரியாக்டரைக் கழற்றி, 11 இதழ் விசிறியை வைத்து, எஃகு இன்சர்ட் போட்டு, முன்பக்க ஆயில் கூலரும் வைத்துக் கட்டிய 2.7 நீண்ட காலம் உழைக்கும். அது கெட்ட என்ஜின் அல்ல, சூட்டுக்கு விடப்பட்ட என்ஜின்.

எஸ்சி-ல அலுமினியக் கேஸ்தானே, ஸ்டட் பிரச்சினை இல்லையே?

மரை பிடுங்குவது எஸ்சி-யில் அரிது. ஆனால் ஸ்டட் உடையும். எக்ஸாஸ்ட் பக்கத்துக் கீழ்வரிசையில் டிலாவர் என்ற உலோகக் கலவையைப் பயன்படுத்தினார்கள். அது அலுமினியத்துக்கு நெருக்கமாக நீளும், அதனால் மேலே சொன்ன இழுவிசை குறையும். எண்ணம் நல்லதுதான். ஆனால் ஈரமும் துருவும் பட்டால் அது திடீரென்று முறியும். வால்வு கவரைக் கழற்றும்போது உள்ளே ஒரு நட்டோடு ஸ்டட் துண்டு விழுந்து கிடப்பதைப் பார்த்துத்தான் பலருக்கு விஷயமே தெரியவருகிறது.

98 செட் போடும்போது கீழ்வரிசை டிலாவர் ஸ்டட்களை மாற்றாமல் மூடாதீர்கள். கழற்றும்போது கேஸை அந்த இடத்தில் நன்றாகச் சூடாக்கி மெதுவாகத் திருப்புங்கள். குளிர்ந்த கேஸில் முறுக்கினால் அங்கேயே உடைந்து உள்ளே மாட்டிக்கொள்ளும்.

சிலிண்டரை விட்டுட்டு கிராங்கை மாத்தி ஸ்ட்ரோக் கூட்டினா?

எஸ்சி கேஸில் 3.2-இன் 74.4 மிமீ கிராங்க் உட்காரும். இரண்டுக்கும் மெயின் ஜர்னல், அதாவது கிராங்க் கேஸ் பேரிங்கில் சுழலும் பகுதி, 60 மிமீ. ஆனால் ராட் ஜர்னல் எஸ்சி-க்கு 53, 3.2-க்கு 55 மிமீ. ஆகவே 3.2-இன் ராடுகள்தான் வேண்டும். பிஸ்டன் பின்னும் 22-இலிருந்து 23 மிமீ ஆகிறது.

உயரக் கணக்கையும் பாருங்கள். 66 மிமீ கிராங்கில் பாதி ஸ்ட்ரோக் 33, ராட் நீளம் 130, மொத்தம் 163. 70.4 கிராங்குக்குப் போனபோது பாதி ஸ்ட்ரோக் 35.2 ஆனது, ராடை 127.8 ஆகக் குறைத்தார்கள். மொத்தம் அதே 163. பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும் இடம் மாறவே இல்லை. 3.2-இல் அது 37.2 + 127 = 164.2. அதாவது எஸ்சி பிஸ்டனையே வைத்து 3.2 கிராங்கைப் போட்டால் பிஸ்டன் 1.2 மிமீ கூடுதலாக மேலே வந்து ஹெட்டில் முட்டும். கிராங்கைத் தொட்டால் பிஸ்டனையும் அதற்கேற்றதாக வாங்கத்தான் வேண்டும். அதோடு கேஸையும் பிரித்தாக வேண்டும். செலவுக்கும் பயனுக்கும் 98 வழியே மேல்.

பிஸ்டன் செட் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி எதெல்லாம் அளக்கணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். "9.5 கம்ப்ரஷன் பிஸ்டன்" என்று பெட்டியில் போட்டிருப்பது யாரோ ஒருவருடைய ஹெட்டை வைத்துச் சொன்ன எண். உங்கள் ஹெட் முன்பே ஒருமுறை சீவப்பட்டிருந்தால் அது பொய்யாகிவிடும்.

முதலில் ஹெட்டின் எரிப்பறை. வால்வும் பழைய பிளக்கும் பொருத்தி, ஹெட்டைக் கவிழ்த்து மட்டமாக வையுங்கள். விளிம்பில் கிரீஸ் தடவி, நடுவில் சிறு துளையிட்ட அக்ரிலிக் தகட்டை ஒட்டுங்கள். அளவு குறித்த பியூரெட்டில் மண்ணெண்ணெய் எடுத்து, குமிழி இல்லாமல் நிரப்பி, எத்தனை சிசி பிடித்தது என்று எழுதுங்கள். ஆறு ஹெட்டையும் அளக்க வேண்டும். அடுத்து பிஸ்டன் தலையில் எழும்பி நிற்கும் மேடு. பிஸ்டனை உச்சியிலிருந்து சரியாக 25 மிமீ கீழே இறக்குங்கள். மேடே இல்லாவிட்டால் 98 மிமீ போரில் அந்த இடம் 188.6 சிசி பிடிக்க வேண்டும். 153.6 தான் பிடித்தது என்றால் மேடு 35 சிசி. மூன்றாவது, பிஸ்டனின் தட்டையான விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. பிஸ்டன் பின்னுக்கு நேர் மேலே இரு முனைகளிலும் மெல்லிய ஈயக்கம்பியை வைத்து, ஹெட்டை முறைப்படி இறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளங்கள். பின்னுக்குக் குறுக்கே வைத்தால் பிஸ்டன் ஆடி எண் தவறாகும்.

எடுத்துக்காட்டுக்கு ஹெட் 90 சிசி, இடைவெளி 1 மிமீ (98 போரில் 7.5 சிசி), மேடு 35 சிசி. 90 + 7.5 − 35 = 62.5. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 531 சிசி. 531-ஐ 62.5-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 9.5. சிலிண்டரின் அடியில் 0.25 மிமீ கனத்தில் இன்னொரு செம்புத் தகடு வைத்தால் 1.9 சிசி கூடி, கம்ப்ரஷன் 9.25 ஆகக் குறையும். இந்தத் தகடுகளால் நுணுக்கமாகச் சரிசெய்யலாம். ஆனால் இடைவெளி 1 மிமீ-க்குக் கீழே போகவே கூடாது.

கம்ப்ரஷன் எவ்வளவு வரைக்கும் போகலாம்? ரெண்டு பிளக் கட்டாயமா?

ஒரே பிளக்கோடு, நல்ல பெட்ரோலில், சாலை வண்டிக்கு 9.5 வரை கவலையில்லை. அதற்கு மேல் போனால் பிஸ்டன் மேடு உயரமாகி எரிப்பறையை இரண்டாகப் பிரிக்கும். ஒரு ஓரத்தில் இருக்கும் பிளக்கிலிருந்து நெருப்பு மறு ஓரத்துக்குப் போவதற்குள் அங்கே நாக்கிங், அதாவது கலவை தானாகவே வெடிப்பது, தொடங்கிவிடும். 10-ஐத் தாண்டினால் இரண்டு பிளக் போடுவதே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து. ஐரோப்பிய 3.2 ஒரே பிளக்கில் 10.3 ஓடியது உண்மைதான். அதன் எரிப்பறையும், கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் மோட்ரானிக் இக்னிஷனும் அதற்கென்றே அமைந்தவை.

ஆக்டேன் எண்ணைப் படிக்கும்போது நாட்டைப் பாருங்கள். ஜெர்மன் பங்கில் எழுதியிருக்கும் 98 என்பதும் அமெரிக்கப் பங்கில் எழுதியிருக்கும் 93 என்பதும் கிட்டத்தட்ட ஒரே தரம். அளக்கும் முறைதான் வேறு.

பெரிய பிஸ்டன் போட்டா வால்வுல இடிக்குமா?

கேமையும் பிஸ்டனையும் பொறுத்தது. அளக்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது. பிஸ்டன் தலையில் வால்வு வரும் இடத்தில் களிமண் வைத்து, ஹெட்டையும் கேமையும் பொருத்தி, டைமிங் வைத்து, கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பிறகு கழற்றி, களிமண்ணை வெட்டி அளங்கள். இன்டேக் பக்கம் 1.5 மிமீ, எக்ஸாஸ்ட் பக்கம் 2 மிமீ இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீள்வதாலும் பிஸ்டன் அதைத் துரத்திக்கொண்டு மேலே வருவதாலும் அந்தப் பக்கம் கூடுதல் இடம்.

சுற்றும்போது கழற்றிய பக்கத்துச் சிலிண்டர்களை ஸ்டட்டில் வாஷர், குழாய்த்துண்டு போட்டு அமுக்கிப் பிடியுங்கள். இல்லையென்றால் பிஸ்டன் சிலிண்டரைத் தூக்கிவிடும், அடியில் இருக்கும் தகடு மடங்கும்.

கேம் மாத்தியே ஆகணுமா? பழைய சிஐஎஸ் இன்ஜெக்ஷன் ஒத்துக்குமா?

சிஐஎஸ் என்பது பெட்ரோலைத் தொடர்ந்து தெளிக்கும் மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன். அது காற்றின் ஓட்டத்தை ஒரு தட்டு உயர்வதைக் கொண்டு அளக்கிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதிகமான கேம் போட்டால் காற்று பின்னோக்கி உதைக்கும், தட்டு துள்ளும், ஐடிலிங் நிற்காது. ஆகவே சிஐஎஸ் இருக்கும்வரை மிதமான கேம்தான், 964 வகை வெட்டு இதில் பலருக்கும் ஒத்துவருகிறது. பிஸ்டன் மேட்டின் வடிவமும் சிஐஎஸ்-க்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள். வெபர் வகை கார்புரேட்டருக்கோ தனித்தனி த்ராட்டிலுக்கோ போனால் கேம் தேர்வு விரியும்.

1980–83 அமெரிக்க எஸ்சி ஹெட்டில் இன்டேக் வழி சிறியது, 1978–79-இல் பெரியது. பிந்தைய வண்டியில் பெரிய கேம் போடுவதற்கு முன் வழியை அகலப்படுத்த வேண்டும். இல்லையென்றால் மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டும். சிஐஎஸ்-ஐ வைத்துக்கொண்டால் எக்ஸாஸ்டில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் மாட்டி, முழு த்ராட்டிலில் காற்று-பெட்ரோல் விகிதம் 13-ஐ ஒட்டி இருக்கும்படி கன்ட்ரோல் அழுத்தத்தைச் சரிசெய்யுங்கள்.

3.2 காரேராவுக்கும் இதே 98 தானா?

ஆமாம், கேஸ் துளை அதே 103. வரும் கொள்ளளவு 3367 சிசி. இரண்டு வேறுபாடுகள். மோட்ரானிக்கின் சிப்பைப் புதிய சிசி-க்கும் கேமுக்கும் ஏற்ப எழுதியாக வேண்டும். பழைய சிப் முழு லோடில் பெட்ரோலைக் குறைவாகக் கொடுத்தால் பிஸ்டன் உருகும்.

இன்னொன்று ராட் போல்ட். எஸ்சி-யில் 10 மிமீ இருந்ததை 3.2-இல் 9 மிமீ ஆக்கினார்கள். அதிக ஆர்பிஎம் ஓட்டுபவர்களுக்கு அது பலவீனமான இடம். கேஸைப் பிரிக்கும் எண்ணம் இருந்தால் வலுவான போல்ட்டுகளைப் போட்டு, டார்க் ரெஞ்சை நம்பாமல் போல்ட் நீளும் அளவை வைத்து இறுக்குங்கள். பழைய போல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

சிசி கூடினா சூடு கூடுமே, ஏர்-கூல்டு என்ஜின் தாங்குமா?

தாங்கும், எண்ணெயைக் கவனித்தால். பெயர்தான் ஏர்-கூல்டு, உண்மையில் சூட்டில் பெரும்பங்கை எண்ணெய்தான் சுமக்கிறது. எஸ்சி-யில் ஏறத்தாழ 13 லிட்டர் ஓடுவது அதனால்தான். சில வண்டிகளில் முன் மட்கார்டுக்குள் வெறும் வளைந்த குழாய்தான் கூலர். சிசி கூட்டினால் அதை எடுத்துவிட்டு இதழ் உள்ள கூலர் வையுங்கள். ஓட்டத்தில் 90 முதல் 105 டிகிரி இருந்தால் நல்லது. 120-இலேயே நின்றால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுங்கள்.

என்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளையும் ஓரத்து ரப்பர் சீலையும் அழகுக்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். கீழேயுள்ள எக்ஸாஸ்டின் சூடான காற்று மேலே வந்து விசிறிக்குள் போகாமல் தடுப்பது அவைதான்.

ஹெட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுல கேஸ்கெட்டே இல்லையே, எப்படி கசியாம நிக்கும்?

3.2-இல் உலோகத்தோடு உலோகம் நேரடியாக உட்காருகிறது. தொடக்க கால 964-இலும் அப்படித்தான். அதில் கசிவு வந்து, பின்னால் கம்பெனியே வடிவமைப்பை மாற்றியது. ஆகவே பரப்பு சமதளமாக இருப்பதுதான் எல்லாம். ஒரு பக்கத்து மூன்று சிலிண்டர்களும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். அடியில் 5 அல்லது 6 என்று உயரப் பிரிவு முத்திரை இருக்கும், ஒரே பக்கத்தில் இரண்டையும் கலக்கக் கூடாது. ஒரு சிலிண்டர் உயரமாக இருந்தால் மூன்று ஹெட்டையும் பிணைக்கும் கேம் ஹவுசிங் வளைந்து, கேம் இறுகும்.

ஸ்டட்டை 32 நியூட்டன் மீட்டருக்குப் படிப்படியாக, குறுக்காக இறுக்குங்கள். கேம் ஹவுசிங் போட்ட பிறகு கேம் கையால் தாராளமாகச் சுழல வேண்டும்.

என்ஜினைக் கீழ இறக்கினா கூடவே என்னெல்லாம் பண்ணணும்?

செலவு ஓடுவது பிஸ்டன் செட்டில் மட்டும் இல்லை. வால்வு கைடு தேய்ந்திருக்கும், குறிப்பாக 3.2-இல். புது ரிங்கோடு தேய்ந்த கைடை விட்டால் எண்ணெய் அந்த வழியே எரியும், ரிங்கைத்தான் குறை சொல்வீர்கள். எஸ்சி-யில் பழைய செயின் டென்ஷனர் இருந்தால் 1984-இல் வந்த எண்ணெய் அழுத்த டென்ஷனராக மாற்றுங்கள். பழையது உடைந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, போட்ட பணம் எல்லாம் போகும். கிளட்ச், ரியர் மெயின் சீல், எண்ணெய் திரும்பும் குழாய்களின் ஓரிங் எல்லாம் கைக்கெட்டும் நேரமும் இதுதான்.

முதல் ஸ்டார்ட், ரன்னிங்-இன் எப்படி?

பிளக்கைக் கழற்றி, எண்ணெய் அழுத்தம் காட்டும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். பிறகு பிளக் போட்டு ஸ்டார்ட் செய்து, ஐடிலிங்கில் விடாமல் 2000 ஆர்பிஎம்-ஐ ஒட்டி இருபது நிமிடம். புது கேமுக்கு அது தேவை. நிக்கசிலில் ரிங் பதிய லோடு வேண்டும். மூன்றாவது நான்காவது கியரில் மிதமாக ஏற்றி, காலை எடுத்து என்ஜின் பிரேக்கில் இறங்கவிடுங்கள். மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் சுவர் பளபளத்து ரிங் பதியாமலே போகும்.

தொடக்கத்தில் 20டபிள்யூ-50 மினரல் எண்ணெய் மட்டும். 800 கிமீ-இல் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றி, குளிர்ந்த என்ஜினில் வால்வு இடைவெளியை 0.10 மிமீ-க்குச் சரிபாருங்கள். எண்ணெய் அளவை மட்டமான தரையில், என்ஜின் சூடாகி ஐடிலிங்கில் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்த்தால் டேங்க் தவறாகக் காட்டும், தேவையில்லாமல் ஊற்றிவிடுவீர்கள்.

இப்படி மாத்தினா வண்டியோட மதிப்பு குறையுமா? சட்டப்படி சரியா?

98 செட் வேலையைத் திருப்பிவிடலாம். அசல் சிலிண்டரையும் பிஸ்டனையும் எண் போட்டு, எண்ணெய் தடவிப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள். 92-இலிருந்து 97-க்குக் கடைந்த கேஸைத் திருப்ப முடியாது. என்ஜின் எண்ணும் வண்டி எண்ணும் பொருந்தும் ஆரம்ப கால 911 'எஸ்' வைத்திருந்தால் அந்தக் கேஸைத் தொடாதீர்கள். வேறு ஒரு கேஸ் வாங்கிக் கட்டி, அசலைத் தனியாக வையுங்கள்.

ஜெர்மனியில் என்ஜின் மாற்றத்தை வண்டியின் ஆவணத்தில் பதிய வேண்டும். பழமையான வண்டிகளுக்கான 'எச்' எண் பலகை வேண்டுமென்றால் அந்தக் காலத்துக்கு ஒத்த மாற்றமாகவும் இருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 1975-உம் அதற்கு முந்தியதுமான வண்டிகளுக்குப் புகைச் சோதனை இல்லை. எஸ்சி, 3.2 இரண்டுக்கும் உண்டு.

எல்லாம் முறையா கட்டியும் 1500 கிமீ கழிச்சு ஒரு சைலன்சர்ல மட்டும் நீலப்புகை. திரும்பப் பிரிக்கணுமா?

உடனே பிரிக்காதீர்கள். முதலில் புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். இரவு நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் வந்து நின்றால் அது சிலிண்டர்கள் படுத்திருக்கும் இந்த என்ஜினுக்கு இயல்பு. எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கித் தங்குகிறது. இறக்கத்தில் காலை எடுத்து மறுபடி அழுத்தும்போது வந்தால் வால்வு கைடு. தொடர்ந்து, லோடில் வந்தால் ரிங். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் அது ஏர் பாக்ஸுக்குள் போயும் புகையும். அதையும் முதலிலேயே பாருங்கள்.

பிறகு சூடான என்ஜினில் ஆறு சிலிண்டருக்கும் லீக்-டவுன் சோதனை, அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட அதிகம் விட்டால், காற்று எங்கே கேட்கிறது என்று கவனியுங்கள். எண்ணெய் டேங்க் மூடியைத் திறந்ததும் கேட்டால் ரிங், எக்ஸாஸ்டில் கேட்டால் வால்வு. ரிங் என்றால் பெரும்பாலும் மூன்று காரணம்: பொருத்தும்போது எண்ணெய் ரிங்கின் மெல்லிய பட்டை மடங்கியது, ரிங் இடைவெளியை அளக்காமல் போட்டது (98 மிமீ போருக்கு 0.4 மிமீ-ஐ ஒட்டி இருக்க வேண்டும்), மூன்று ரிங்கின் வாயும் ஒரே நேரில் நின்றது. லீக்-டவுன் சமமாக இருந்து, எண்ணெய்ச் செலவு மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் இன்னொரு 1500 கிமீ லோடில் ஓட்டிவிட்டு மறுபடி சோதியுங்கள். நிக்கசிலில் ரிங் பதிய அவ்வளவு தூரம் எடுப்பது உண்டு.